தற்காப்புக் காப்பீடு: சந்தா கட்டும் முன் பத்திரத்தைப் படியுங்கள்

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால் வழக்குச் செலவைப் பார்த்துக்கொள்வோம் என்று அமெரிக்காவில் விற்கப்படும் சந்தா ஒன்றை நான் கட்டிவருகிறேன். தொடரவும் போகிறேன். ஆனாலும் விளம்பரத்தைப் பார்த்து யாரும் இதை எடுக்க வேண்டாம். பத்திரத்தை வாங்கி, எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பக்கங்களைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஹூஸ்டன் பக்கம் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வெகுதூரம் காரோட்டி வர வேண்டும். கிரீன் கார்டு வந்த பிறகு பயிற்சி எடுத்துக் கைத்துப்பாக்கி வாங்கினேன்; வேலை நேரத்தில் அது பூட்டிய காருக்குள் இருக்கும். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லப் பெரும்பாலோருக்கு லைசென்ஸ் கட்டாயமில்லை. நான் லைசென்ஸ் வகுப்புக்குப் போனது சட்டம் தெரிந்துகொள்ளத்தான். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இந்தச் சந்தாவும் உங்களைக் காப்பாற்றாது.

கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள், "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே அக்கா, அது போதாதா?" நியாயமான கேள்வி. வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பணம் இல்லை என்று வீட்டுக் காப்பீட்டில் ஒரு விதி இருக்கும். பரவலாகப் புழங்கும் படிவத்தில், ஆளையோ உடைமையையோ காக்க நியாயமான அளவு பலம் பயன்படுத்தியிருந்தால் அந்த விதி பொருந்தாது என்றும் எழுதியிருக்கும். ஆக, அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் அது கைகொடுக்கக்கூடும். மாவட்ட அரசு வழக்கறிஞர் உங்கள் மேல் கிரிமினல் வழக்குப் போட்டால் ஒரு டாலர்கூட அதிலிருந்து வராது. இந்தச் சந்தாக்கள் விற்பனையாவது அந்தக் கிரிமினல் வழக்குப் பயத்தால்தான்.

விற்பவர்கள் எல்லோரும் ஒரே பொருளை விற்பதில்லை. விஸ்கான்சினில் 2003-ல் தொடங்கிய யுஎஸ்சிசிஏ (துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வோர்) சங்கம் தன் பெயரில் காப்பீட்டுப் பத்திரம் வைத்திருக்கிறது. உறுப்பினர்கள் அதன் கீழ் வருகிறார்கள். எங்கள் டெக்சாஸில் பிறந்த யுஎஸ் லாஷீல்ட் அடிப்படையில் முன்கட்டண வழக்கறிஞர் சேவை. உங்களுக்காக வாதாடுவார்கள், ஆனால் நீதிமன்றம் விதிக்கும் நஷ்ட ஈட்டைக் கட்டுவது வேறு விஷயம். ஆயுதம் தரித்த குடிமக்களுக்கான சட்டப் பாதுகாப்பு வலையமைப்பு என்று 2008-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய அமைப்பு, உறுப்பினர்களின் பணத்தில் ஒரு நிதி வைத்து அதிலிருந்து கொடுக்கிறது. நான் எடுத்திருப்பது காப்பீட்டு வகை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கீழே குறைகளும் சொல்லப்போகிறேன்.

முதலில் நல்லது. அவசர எண்ணை நள்ளிரவில் அழைத்துப் பார்த்தேன். ஆள் எடுத்தார், "இது சோதனைதான்" என்றதும் கோபப்படாமல் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். பெயில் பத்திரத்துக்குப் பணம் உடனே போகும். வழக்கறிஞருக்கும் முன்பணம் போகும். வழக்கு முடிந்த பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் கதை இல்லை. இதை மட்டும் எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலையான பிறகு தருகிறோம் என்கிற திட்டத்தை வைத்துக்கொண்டு நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் கொலை வழக்கு நடத்த முடியாது.

இப்போது குறை. நடந்தது தற்காப்புதான் என்று யார் முடிவு செய்வது? என் பத்திரத்தில் அந்த அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. குற்றம் உறுதியானால் அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. விளம்பரத்தில் இந்த இரண்டும் இல்லை. குடித்திருந்தால், வீட்டு ஆட்களைச் சுட்டிருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையிலிருந்து வருவதைக் காட்டச் சிவப்பு எழுத்தில் 51% பலகை மாட்டிய பார் போன்ற தடை செய்த இடத்துக்குத் துப்பாக்கியோடு போயிருந்தால் எதுவும் கிடையாது. அவை நியாயமான விலக்குகள், எனக்கு வருத்தமில்லை.

என்னை உறுத்துவது குடியேற்றச் சட்டம். நம் ஆட்கள் இதைப் பேசி நான் கேட்டதே இல்லை. டெக்சாஸில் 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்' என்று ஒன்று உண்டு: குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி சொன்ன காலத்துக்கு நிபந்தனைகளோடு ஒழுங்காக இருந்தால், தண்டனைத் தீர்ப்பு பதியாமலே வழக்கு முடியும். குடிமகனுக்கு அது பெரிய நிம்மதி. கிரீன் கார்டில் இருக்கும் நமக்கு அப்படியில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்தாலே கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகத்தான் எண்ணும். துப்பாக்கி தொடர்பான குற்றங்கள் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தவே போதும். 2010-ல் படில்லா எதிர் கென்டக்கி வழக்கில், இந்த ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்வது கடமை, சரி. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நாட்டில் இருக்கலாம் என்று அலசக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரும் கூட உட்கார வேண்டும். அவருக்கு யார் பணம் தருவது? விற்பனைப் பிரிவில் கேட்டேன். "எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்றார் போனில். எழுதி அனுப்பச் சொன்னேன். வந்த மின்னஞ்சலில் பத்திரத்தின் பொதுவான வரிகள்தான் இருந்தன, குடியேற்றம் என்ற சொல்லே இல்லை. பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிக்கும்போது இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சிவில் வழக்கு பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் அனுமதித்த தற்காப்பென்றால் நஷ்ட ஈடு கட்ட வேண்டாம் என்று டெக்சாஸ் சிவில் சட்டம் 83.001 சொல்கிறது. அதனால் நஷ்ட ஈட்டுக் காப்பீடு இங்கே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. வழக்குப் போடுவதை அந்தப் பிரிவு தடுக்காது. நீங்கள்தான் நீதிமன்றத்தில் அதைக் காட்டித் தப்பிக்க வேண்டும். குறி தவறிப் பக்கத்தில் நின்றவர் மேல் குண்டு பட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் மூன்றாம் ஆளைக் காயப்படுத்திய கிரிமினல் வழக்கில் தற்காப்பு என்ற நியாயம் செல்லாது என்று தண்டனைச் சட்டம் 9.05 சொல்கிறது. என் திட்டத்தில் அப்படிப்பட்டவருக்கான நஷ்ட ஈடும் இருக்கிறது. நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குப் பெரிய காரணம் அதுதான்.

வேறு மாநிலத்தில் இருந்தால் முதலில் அங்கே இது விற்கலாமா என்று பாருங்கள். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 2017-ல் கொண்டுவந்த, இதே மாதிரியான 'கேரி கார்ட்' காப்பீட்டுத் திட்டத்தை நியூயார்க் மாநிலம் சட்டவிரோதம் என்றது. அதை நடத்திய லாக்டன் நிறுவனம் 2018-ல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம் 2023-லிருந்து துப்பாக்கி வைத்திருப்போர் காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறதே, அது கைதவறி வெடிக்கும் விபத்துகளுக்கானது. இந்தச் சந்தாவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குடிமக்களாகிவிட்டவர்கள் காப்பீட்டு வகையைத் தயங்காமல் எடுக்கலாம். கிரீன் கார்டில் இருப்பவர்கள் எடுத்துவிட்டு, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரின் எண்ணையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்; நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி உண்டு என்று அடிக்கடி நினைவூட்டல் வருகிறது. என் கேள்விக்கு எழுத்தில் நேரான பதில் வரும்வரை மாதாமாதம்தான் கட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.