பேட் வாங்கி ஆறு வருடம், இடி மட்டும் இன்னும் தகரத்தில்

இசை நாடகத்தில் நான் ஆல்ரவுண்ட். ஜால்ராவோடு இடி, குதிரைக் குளம்பு, யானைப் பிளிறல் என்று மேடைக்கு வேண்டிய சத்தமெல்லாம் என் பொறுப்பு. கஜா புயல் அடித்த மறு ஆண்டு, 2019 சித்திரையில், ஒன்பது கட்டம் உள்ள எலக்ட்ரானிக் பேட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கட்டத்தைத் தட்டினால் அதில் ஏற்றிவைத்த சத்தம் வரும். ஒரத்தநாடு, மன்னார்குடி, பேராவூரணி பக்கத் திருவிழாக்களில் ஆறு வருடமாக அதைத்தான் தட்டுகிறேன்.

வள்ளி திருமணத்துக்கு இதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் பிளிறலை நீளமாக ஒரே ஃபைலாக ஏற்றாதீர்கள். வள்ளி பயந்தோடிக் கிழவரைக் கட்டிக்கொண்ட பிறகும் யானை கத்திக்கொண்டே இருக்கும். மூன்று துண்டாக வெட்டி மூன்று கட்டத்தில் வைத்தால், நடிகர் இழுக்க இழுக்க நாமும் இழுக்கலாம்.

அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்துக்கு இணையத்தில் எடுத்த தவளை நம்மூர்த் தவளையாக இல்லை. 2020இல் கொரோனாவால் நாடகமே இல்லாத ஐப்பசியில், மழை விட்ட ராத்திரி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து செல்போனில் பிடித்தேன். இன்றுவரை அதுதான்.

இடிதான் தோற்றுப்போனது. ஹெட்போனில் நெஞ்சு அதிரும். மேடையில் சரசரப்பு மட்டும் வரும். கிராமத்தில் கட்டுவது கூம்புக் குழாய் ஒலிபெருக்கி. சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே அது அநேகமாகப் பேசாது, இடியின் உறுமலோ அதற்கும் கீழே. ஆறடித் தகரத் தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு அடி விளிம்பை உலுக்கினால் குழாயே வேண்டாம், கடைசி வரிசைக் குழந்தை வரை விழித்துக்கொள்ளும். குளம்புக்கும் கொட்டாங்கச்சிதான், நடைக்கு ஏற்றபடி கை தானாக மாறும்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது பேட் அணைந்து மறுபடி முழிக்க அரை நிமிடம் ஆகிறது. சந்திரமதி பிள்ளையைத் தேடும் நேரத்தில் ஒருமுறை அப்படி ஆனது, இன்றும் மனசு ஆறவில்லை. சின்ன யு.பி.எஸ். கட்டாயம் வையுங்கள். பனி இறங்கினால் துண்டு போட்டு மூடுங்கள். நடுக் கட்டத்து ரப்பர் இறுகிவிட்டது, சென்சிட்டிவிட்டியைக் கூட்டிச் சமாளிக்கிறேன்.

வாங்கிய வருடமே பேராவூரணி பக்கம் ஒரு காட்டுக் காட்சிக்குப் புயல் காற்றைத் தட்டினேன். முன்வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். விடிந்ததும் ஒரு அம்மா வந்து, "தம்பி, அந்தக் காத்து மட்டும் வேணாம்ப்பா. தென்னை சாயிற மாதிரியே இருக்கு" என்றார். அங்கேயே அழித்தேன். அந்தக் கட்டத்தில் இப்போது உடுக்கை இருக்கிறது.