ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது? நியூசிலாந்தில் பிள்ளைகளோடு ஒரு கேம்பர்வேன் பயணம்

கேரவன் என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வந்தது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். நியூசிலாந்தின் தென் தீவில் அப்படியொரு வண்டியிலேயே சமைத்து, தூங்கி, ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் பதினைந்து இரவு ஊர் ஊராக அழைத்துப் போகிறோம் என்றோம். மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரியில வண்டிய எங்க நிறுத்துவீங்க மாப்பிள்ளை?"

புது நாடு பிள்ளைகளுக்குப் பிடிபடுமா இல்லையா என்பதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மூன்று வழிகள் உண்டு. மின் இணைப்பு, பொதுச் சமையலறை, வெந்நீர்க் குளியலறை எல்லாம் இருக்கும் தனியார் ஹாலிடே பார்க். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய முகாம்கள். அந்தத் துறையை அங்கே எல்லோரும் 'டாக்' என்றே சொல்கிறார்கள். மூன்றாவது, அனுமதி உள்ள பொது இடங்களில் காசில்லாமல் நிறுத்தும் ஃப்ரீடம் கேம்பிங்.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அது நினைத்த இடத்தில் நிறுத்தும் உரிமை இல்லை. 2011-ல் வந்த சட்டமும், 2023-ல் அதை இறுக்கிய சட்டமும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களுக்கு வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறையும் அதற்கான பச்சைச் சான்றும் வேண்டும். ஊருக்கு ஊர் விதி மாறும், மீறினால் அபராதம். தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். சாயங்காலம் பசியில் சிணுங்கும் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு "இங்கே நிறுத்தலாமா, கூடாதா" என்று பலகை பலகையாகப் படிக்கும் வேலை பெற்றோருக்கு வேண்டாம். நாங்கள் ஓர் இரவுகூட முயலவில்லை, அதில் வருத்தமும் இல்லை.

உண்மையான போட்டி ஹாலிடே பார்க்குக்கும் டாக் முகாமுக்கும்தான்.

முதல் நாட்களில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவது நேர வித்தியாசம். கோடையில் நியூசிலாந்து நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு ஒன்பது என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு மதியம் ஒன்றரை. போதாக்குறைக்கு, டிசம்பரில் தெற்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. "பகல்ல ஏன் தூங்கணும்?" என்று மகன் கேட்டபோது பதில் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சில் முதல் மூன்று இரவும் ஒரே பார்க்கில் இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. தூக்கம் வராத நேரத்தில் காற்றடைத்த பெரிய துள்ளும் மெத்தையில் குதித்துக் களைத்துப்போனார்கள். பகலில் ஊருக்குள் இருக்கும் மார்கரெட் மஹி விளையாட்டுத் திடல். 2015-ல் திறந்த இடம், கட்டணம் கிடையாது.

அந்த மூன்று நாளில் மகள் கவனித்தது உள்ளூர்ப் பிள்ளைகளின் கால்களை. செருப்பில்லாமல் விளையாடுகிறார்கள், கடைக்கும் அப்படியே வருகிறார்கள். இரண்டாம் நாள் இவளும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஆங்கில உச்சரிப்பு புரியாமல் முதல் நாள் என் பின்னாலேயே ஒளிந்து நின்றவள் அவள்.

சமையலறையும் பார்க்கின் பக்கமே பேசும். வண்டிக்குள் ரசத்துக்குத் தாளித்தேன், கடுகு வெடித்த கையோடு புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. அதன்பின் தாளிப்பெல்லாம் பொதுச் சமையலறையில்தான். ரைஸ் குக்கர் எங்கள் வண்டியில் வெளி மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்தது, அதனால் டாக் முகாமில் கேஸ் அடுப்பில் கஞ்சி, உப்புமா, நூடுல்ஸ். பொடிகள் கொண்டுபோவோருக்கு ஒன்று: விமான நிலையப் படிவத்தில் எல்லா உணவையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். நாங்கள் எழுதினோம். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு சாம்பார் பொடியைத் திருப்பித் தந்தார்கள்.

டாக் முகாமின் குறைகளை மறைக்க மாட்டேன். பெரும்பாலும் மின் இணைப்பு கிடையாது, பல இடங்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மில்ஃபோர்ட் சாலையில் நாங்கள் தங்கிய முகாமில் குழிக் கழிவறை. மகன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டான். சேண்ட்ஃபிளை என்ற சிறு கறுப்புப் பூச்சி கடித்த இடம் நாள்கணக்கில் அரித்தது. முழுக்கை உடையும் பூச்சி மருந்தும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். இருட்டியபின் தொல்லை அடங்கிவிடும், ஆனால் கோடையில் இருட்ட நேரமாகும்.

ஆனாலும் பிள்ளைகள் இன்றைக்கும் பேசுவது டாக் முகாமைப் பற்றித்தான். 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி மலைப் பகுதியில் வைட் ஹார்ஸ் ஹில் என்றொரு முகாம். மின்சாரம் இல்லை, ஆனால் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிவறை உண்டு. பழகாத பிள்ளைகளுக்கு அது நல்ல முதல் படி. அங்கிருந்து கீயா பாயின்ட் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேர நடை, ஐந்து வயதுக் கால்களே போதும். அந்தப் பகுதியின் இரவு வானத்துக்கு 2012-லிருந்து சர்வதேச இருண்ட வான் காப்பகம் என்ற தகுதி இருக்கிறது. விளக்கு வரிசைகள் எரியும் ஹாலிடே பார்க்கில் அந்த வானம் கிடைக்கவே கிடைக்காது.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம். காரின் பின்னால் இழுக்கும் கேரவனை முகாமில் கழற்றிவிட்டுக் காரில் சுற்றலாம், அது பெரிய வசதி. ஆனால் இழுத்துப் பழக்கமில்லாதவர் ஒற்றைத் தடப் பாலங்களிலும் மலை வளைவுகளிலும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். இழுப்போருக்கு வேக வரம்பும் 90 கிலோமீட்டர்தான். நாங்கள் எடுத்தது ஒரே வண்டியாக இருக்கும் மோட்டார்ஹோம். முன்பதிவின்போது குழந்தை இருக்கையை எந்த இடத்தில் பொருத்துவார்கள் என்று கேளுங்கள், பக்கவாட்டு இருக்கையில் பொருத்தக் கூடாது. ஏழு வயது நிறையாத பிள்ளைக்கு அந்த இருக்கை சட்டப்படி கட்டாயம். இங்கே மடியில் உட்கார்ந்து பழகிய மகன் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் தானாக ஏறி, தானே வாரை மாட்டிக்கொண்டான்.

பதினைந்து இரவில் பத்து பார்க், ஐந்து டாக். திரும்பப் போனால் முதல் மூன்று இரவை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சரிபாதியாக்குவேன். எந்த இடத்திலும் ஒரே ஓர் இரவோடு கிளம்ப மாட்டேன். வைட் ஹார்ஸ் ஹில்லில் முதல் இரவு எதிர் மலையில் பனிப்பாறை சரிந்த சத்தம் கேட்டு மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மறுநாள் இரவு அதே சத்தம் கேட்டபோது போர்வையை விலக்காமலே சொன்னான், "ஒண்ணுமில்லப்பா, பனிதான் விழுது. தூங்குங்க."