நின்ற காரை ஓட்டிக் காட்டிய சர்வேயர் அறிக்கை

புதுச்சேரியிலோ கடலூரிலோ கார் வைத்திருந்து, ஷோரூமில் இருக்கும் இன்சூரன்ஸ் மேசை வழியாகவே ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிப்பவரா நீங்கள்? அப்படியானால் பீரோவைத் திறந்து கடைசி மூன்று ஆண்டுப் பாலிசிகளையும் எடுத்து வரிசையாக வைத்துப் படியுங்கள். "போன வருடம் போலவே போட்டுவிட்டோம் மேடம்" என்று போனில் சொல்வது வேறு, அச்சிட்டு அனுப்புவது வேறு. இந்த வேறுபாட்டை நாங்கள் தெரிந்துகொண்டது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பிறகு புயல் நகர்ந்து போயிருந்தால் கதையே வேறு. அது நின்ற இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊரில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. ரெயின்போ நகரில் எங்கள் தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் இடம். போர்ட்டிகோவில் நின்ற காருக்குள் இருக்கை மட்டம் வரை தண்ணீர் ஏறியிருந்தது. மின்சாரம் இல்லாததால் எதிர் வீட்டுக் கேமராவில் எதுவும் பதிவாகவில்லை. ஆனால் விடிந்ததும் மாடியிலிருந்து என் கணவர் எடுத்த படங்கள் இருந்தன: கேட் பூட்டியிருக்கிறது, உள்ளே கார், பானெட்டுக்கு அருகில் தண்ணீர். படம் எடுத்த நேரமும் போனிலேயே பதிவாகியிருந்தது. இந்தப் படங்கள்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றின.

தண்ணீர் வடிந்த பிறகும் நாங்கள் சாவியைத் தொடவில்லை. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை 2015 மழையிலேயே இந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் கற்றுக்கொண்டாயிற்று. ரெக்கவரி வண்டி வைத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அதற்கான ரசீது இருக்கிறது. "வாகனம் இழுத்து வரப்பட்டது, ஸ்டார்ட் செய்யப்படவில்லை" என்று பட்டறையின் ஜாப் கார்டிலும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். வாயால் சொல்வது எதுவும் நிற்காது என்று தெரியும்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். ஐந்தாறு படங்கள் எடுத்தார். கிளைம் படிவத்தை நீட்டி, சம்பவ விவரம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துக் கேட்டார். "விவரத்தை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம், எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து, "வீட்டு வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தபோது வெள்ளநீர் புகுந்தது" என்று என் கையெழுத்தில் எழுதி, போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டி விளக்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதும், அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எங்கள் காரில் எல்லா ராடுகளும் நேராகவே இருந்தன. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது, சென்சார்களும் ஒயரிங்கும் போயிருந்தன, பேரிங்குகளில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. "இது நின்ற இடத்தில் மூழ்கிய வண்டி அம்மா, ஓட்டின வண்டி இப்படி இருக்காது" என்றார். ராடுகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு வந்தது மின்னஞ்சல். மொத்த எஸ்டிமேட் 2 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கம்பெனி ஒப்புக்கொண்டது இருக்கைகள், தரை விரிப்பு, கொஞ்சம் ஒயரிங் என்று 64 ஆயிரம் ரூபாய். இன்ஜின் வேலை முழுவதும் "விளைவாக ஏற்பட்ட இழப்பு" என்று தள்ளுபடி. கூடவே ஒரு வரி: "இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இந்தப் பாலிசியில் இல்லை." ஆட்-ஆன் என்பது கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு.

எப்படி இல்லாமல் போகும் என்று பழைய தாள்களை எடுத்தோம். கார் வாங்கிய ஆண்டின் பாலிசியில் அந்த வரி இருக்கிறது, அடுத்த ஆண்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஷோரூம் மேசை புதுப்பித்தபோது காணாமல் போய்விட்டது. பிரீமியம் பெரிதாகக் குறைந்திருந்தால் நாங்களே ஏன் என்று கேட்டிருப்போம். குறையவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் வேறு இரண்டைச் சேர்த்திருந்தார்கள்: சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி, காருக்குள் இருக்கும் சொந்தப் பொருள்களுக்குப் பாதுகாப்பு. தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடற்கரை ஊரில், இன்ஜினுக்கான பாதுகாப்பை எடுத்துவிட்டுச் சாவிக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்த யோசனை யாருக்கு வந்தது என்று இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஷோரூமில் கேட்டால், "பம்பர் டு பம்பர் இருக்கிறதே மேடம், எல்லாம் அதற்குள் வந்துவிடும்" என்றார் அந்த மேசைப் பையன். வராது. பம்பர் டு பம்பர் என்று சொல்லி விற்கும் ஜீரோ டிப்ரிசியேஷன், மாற்றும் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிப்பதை மட்டும்தான் தடுக்கும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பாகத்துக்குப் பணம் தருவதா இல்லையா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்பவருக்கே இது தெரியவில்லை. அல்லது நமக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆட்-ஆன் இல்லாவிட்டாலும், முழுப் பாலிசியில் வெள்ளம் பாதுகாக்கப்பட்ட ஆபத்துதான். நின்ற காருக்குள் வெள்ளம் நேராகப் புகுந்து கெடுத்ததற்குக் கம்பெனி பணம் தர வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டியோ ஸ்டார்ட் செய்தோ கூடுதலாகக் கெட்டால்தான் "விளைவாக ஏற்பட்ட இழப்பு" என்ற விலக்கு வருகிறது. ஆக, எங்கள் காரை யாரோ ஓட்டியதாகக் காட்டினால் ஒழிய இன்ஜினைத் தள்ளுபடி செய்ய முடியாது. யார் ஓட்டியது?

சர்வேயர் அறிக்கையின் நகல் கேட்டோம். "அது உள் ஆவணம், தர மாட்டோம்" என்றார் கட்டணமில்லா எண்ணில் பேசிய பெண். பாலிசிதாரர் கேட்டால் தர வேண்டிய ஆவணம் அது. எழுத்து மூலமாகக் கேட்டு, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்வோம் என்றும் சேர்த்து எழுதிய பிறகு வந்தது. அதில் எங்கள் காரின் பதிவெண் சரி, நிறம் சரி. கீழே: "தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டியபோது இன்ஜின் நின்றுவிட்டது, மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் சேதம் அதிகரித்தது." நான் கைப்பட எழுதிய விவரம் எங்கே போனது என்று தெரியவில்லை. புயல் இரவில், பூட்டிய கேட்டுக்குள் இருந்த காரை வெளியே எடுத்து, ஓட்டி, மூழ்கடித்து, திரும்பவும் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்திக் கேட்டைப் பூட்டியிருக்கிறோம், நாங்கள்!

அடுத்த தெருவில் தெரிந்தவர் ஒருவருக்கும் கிளைம் தள்ளுபடியாகியிருந்தது. வேறு கம்பெனித் தயாரிப்பு, வேறு மாடல் கார். அவர் வாங்கிய அறிக்கையிலும் அதே இரண்டு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இருந்த எழுத்துப் பிழை உட்பட அதேதான். புயலுக்குப் பிறகு சர்வேயர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு வண்டிகள் குவிந்திருந்தன என்பதை நானும் பார்த்தேன். வேலைப் பளுவால் தாமதம் வரலாம், நடக்காத சம்பவம் வராது.

இதற்கிடையில் பட்டறையிலிருந்து தொல்லை. "ஒப்புதல் வரவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நிறுத்துவதற்கு நாள் வாடகை" என்றார்கள். பிரித்துப் போட்ட இன்ஜினோடு காரை எங்கே எடுத்துப் போவது? கம்பெனி தரப்பிலிருந்தோ, 64 ஆயிரத்துக்கு "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்திட்டால் உடனே பணம் என்று அழைப்பு மேல் அழைப்பு. பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம்: அப்படிப்பட்ட வவுச்சரில் கையெழுத்திட்டதைக் காரணம் காட்டி, கூடுதல் தொகை கேட்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2015-லேயே ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். வருந்துகிறோம் என்று தொடங்கி அதே மறுப்பு. ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதிவு செய்தோம் (155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்). கம்பெனி பழைய கடிதத்தையே மறுபடி ஏற்றிவிட்டுப் புகாரை முடித்துவைத்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, கம்பெனிக்கே திருப்பி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பதிவு எண் பின்னால் உதவும்.

உண்மையில் காது கொடுத்துக் கேட்டது சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம். தமிழ்நாடும் புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அதன் எல்லைக்குள் வருகின்றன. கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அங்கே போகலாம். முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ விண்ணப்பிக்கலாம். விசாரணை காணொளி மூலமாகவே நடந்தது. கம்பெனிப் பிரதிநிதி சர்வேயர் அறிக்கையை வாசித்தார். "ராடு வளைந்திருந்ததா?" என்று கேட்டார்கள். அவர் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், அறிக்கையில் இல்லை என்றார். எங்கள் படங்களையும் ரெக்கவரி ரசீதையும் ஜாப் கார்டையும் பார்த்துவிட்டு, இன்ஜின் செலவையும் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாலிசிதாரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாய் போகப் பணம் வந்து சேர்ந்தது. பட்டறைக்குக் கட்டிய வாடகை கிடைக்கவில்லை. மன உளைச்சலுக்கு ஒன்றும் இல்லை.

என் சித்தி மகன் கதை சின்னது. அவனுக்கு வீடு கடலூர் பெரியகங்கணாங்குப்பம். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து டிசம்பர் முதல் வாரத்தில் ஊருக்குள் புகுந்தபோது அவனுடைய பைக் மூழ்கியது. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏஜென்ட் கொடுத்தது, நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமான மூன்றாம் நபர் பாலிசி. அதில் வெள்ளத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பாலிசியின் முதல் பக்கத்தில் சொந்தச் சேதம் என்ற பகுதிக்கு நேராகத் தொகை எதுவும் இல்லையென்றால் அது மூன்றாம் நபர் பாலிசிதான், ஏஜென்ட் எந்தப் பெயரில் அழைத்தாலும்.

ஆட்-ஆனைச் சொல்லாமல் எடுத்த ஷோரூம் மீது புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கு நிலுவையில் இருப்பதால் ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் இங்கே எழுதவில்லை, கேட்டும் பயனில்லை.

ஃபெஞ்சலில் வண்டி மூழ்கி, கிளைம் தள்ளுபடியாகி, விதி என்று விட்டுவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆம்பட்ஸ்மேனிடம் போகக் கம்பெனி மறுத்ததிலிருந்து ஓராண்டுதான். அது முடிந்திருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அறிக்கையின் நகல் கையில் இல்லாவிட்டால் முதலில் அதை எழுதிக் கேளுங்கள். நீங்களும் உங்கள் காரை எங்கே ஓட்டிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.