குந்துமணித் தங்கம்கூட இல்லாத நகைக்கடை

மதுரையில் நகை வாங்க வேண்டுமென்றால் கால்கள் தாமாகவே தெற்காவணி மூல வீதிக்குப் போய்விடும். திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டின் முன்னறையில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் இந்தக் கடையில் குந்துமணி உண்டு, தங்கம்தான் இல்லை. கொட்டாங்குச்சி, மஞ்சாடி விதை, பனையோலை, வாழைநார் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அம்மாவும் அவருடைய மருமகளும் நகைகளையும் வீட்டு அலங்காரப் பொருள்களையும் செய்து விற்கிறார்கள்.

நான் முதலில் வாங்கியது 180 ரூபாய்க்குக் கொட்டாங்குச்சி ஜிமிக்கி. தெருவிலுள்ள வீடுகளில் தேங்காய் துருவியபின் மிஞ்சும் சிரட்டைகளையே வாங்கி, சிறு வாளால் அறுத்து, உப்புத்தாளின் மூன்று தரங்களால் தேய்த்து, வார்னிஷுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் பூசி மெருகேற்றுகிறார்கள். அதனால் சிரட்டையின் இழையோட்டம் மறையாமல் தெரிகிறது. காதில் கனமும் இல்லை.

மஞ்சாடி மாலைதான் இந்தக் கடையின் சிறப்பு. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்லப்படும் அந்த மரத்தின் நெற்று தானே வெடித்துச் சுருண்டு விதையை உதிர்த்துவிடும் என்பதால், கிளையை ஒடிக்கவோ மரத்தை உலுக்கவோ வேண்டியதில்லை. காலையில் போய்ப் பொறுக்கினால் போதும். சிவப்பு நிறம் எந்தச் சாயமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மங்காது. பல்லாங்குழி ஆடிய தலைமுறைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி எடை என்பது பழைய பொற்கொல்லர் கணக்கு. அந்தக் குன்றிமணியையும் மாலையாகக் கோத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "ஓட்டை போட்ட குந்துமணி, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாதும்மா" என்று அம்மா மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. அதன் பருப்பிலுள்ள அப்ரின் கடும் நஞ்சு. கெட்டியான தோல் முழுதாக இருக்கும்வரை அது உள்ளேயே அடங்கியிருக்கும், துளையிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஆகவே இங்கே குன்றிமணி சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டங்களுக்குள் மட்டும், துளையிடாமல், பதிக்கப்பட்டிருக்கிறது. விற்றால் காசு கிடைக்கும் பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைகள் அரிது.

அழகர்மலை காப்புக்காடு என்பதால் அங்கிருந்து எதையும் எடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். கடற்கரை ஊர்க் கடைகளில் இன்றும் கண்ணில் படும் பவளப்பாறைத் துண்டுகளும், விசிறி வடிவக் கடலுயிரான கடல்விசிறியும் இங்கே இல்லை. 2001 முதல் அவை வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆனால் ஒரு மூலையில் மயிலிறகுக் கொத்து இருந்தது. வயல் வரப்பில் உதிர்ந்தவை என்றார்கள். நம்புகிறேன், இருந்தாலும் உதிர்ந்த இறகுக்கும் பிடுங்கிய இறகுக்கும் வேறுபாடு காணத் தெரியாத வாடிக்கையாளர்களை நினைத்தாவது அதை விலக்கியிருக்கலாம்.

குறைகளும் உண்டு. 450 ரூபாய் மாலையின் பருத்தி நூல் மூன்றாவது வாரமே மாட்டுத்தாவணியில் அறுந்து, விதைகள் பேருந்துகளுக்கு அடியில் உருண்டோடின. விதையில் காட்டும் கவனத்தில் பாதியை நூலில் காட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பனையோலைத் தோரணம் பார்வைக்கு அழகு. ஐப்பசி மழையில் பூசணம் பிடித்துவிட்டது, வெயிலில் காயவைத்துத் துடைத்தும் கறை முழுவதும் போகவில்லை. இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாழைநார்க் கூடைகள் எங்கும் கிடைக்கும் தரம்தான்.

அறுந்த மாலையை எடுத்துப்போனபோது, மெழுகு பூசிய இரட்டை நூலில், இரண்டு விதைகளுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கோத்துக் கொடுத்தார்கள், கூலி வாங்கவில்லை. தொலைந்த பதினோரு விதைகளுக்கு மட்டும், மரம் மறுபடி உதிர்க்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். மாலை இப்போது அந்த அளவுக்குக் குட்டையாக, கழுத்தை ஒட்டியே கிடக்கிறது.