12ஏ ரோட்டரிக்கு எந்தக் கார்புரேட்டர்: வெபர் 48 ஐடிஏயா, திருத்திய நிக்கியா?

மெல்பர்னில் 1982ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றை வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கும்போதே அதில் முந்தைய உரிமையாளர் பொருத்திய வெபர் 48 ஐடிஏ கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் கருவி) இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிக்கி கார்புரேட்டரும், அதை என்ஜினோடு இணைக்கும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டும் ஓர் அட்டைப்பெட்டியில், டிக்கியில் கிடந்தன. நான்கு ஆண்டுகள் வெபரோடு ஓட்டிய பிறகு, என்ஜினை அவிழ்த்துச் சீல்கள் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, திரும்ப மூட்டும் வேளையில் எதைப் பூட்டுவது என்ற கேள்வி எழுந்தது. பல வாரங்கள் யோசித்து அட்டைப்பெட்டியில் கிடந்த நிக்கியைத் திருத்தியமைத்துப் பூட்டினேன். அதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு என் காரணங்கள் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த ஆர்எக்ஸ்-7இல் இருப்பது 12ஏ என்னும் ரோட்டரி என்ஜின். அதில் பிஸ்டன்களுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு; ஒவ்வொன்றின் அறைக் கொள்ளளவு 573 சிசி, மொத்தம் 1146 சிசி. ஒவ்வொரு ரோட்டருக்கும் காற்று உள்ளே வர இரு வாயில்கள் உண்டு: ஒன்று நடுத்தகட்டில், மற்றொன்று முன் அல்லது பின் தகட்டில். நிக்கி நான்கு குழல் கொண்ட கார்புரேட்டர். அதன் சிறிய முதல்நிலைக் குழல்கள் இரண்டும் நடுத்தகட்டு வாயில்களுக்கு மட்டும் ஊட்டுகின்றன. பெரிய இரண்டாம்நிலைக் குழல்கள் ஓரத்தகட்டு வாயில்களுக்கு ஊட்டுகின்றன. மெதுவாகப் போகையில் சிறிய குழலும் சிறிய வாயிலும் மட்டுமே வேலை செய்வதால் காற்றின் வேகம் குறையாது, பெட்ரோலும் நன்றாகத் தூவப்படும். வெபர் 48 ஐடிஏவில் குழல்கள் இரண்டே; ஒரு ரோட்டருக்கு ஒரு குழல், அதுவே இரு வாயில்களுக்கும் பிரிந்து ஊட்டுகிறது. முழு ஆக்சிலரேட்டரில் இது பெரும் வரம். நகரத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும்போது, 48 மில்லிமீட்டர் குழலில் காற்று சோம்பலாக நகர்கிறது.

இவ்விரண்டைத் தவிர வேறு இரண்டு வழிகளும் உள்ளன. பக்கவாட்டில் படுத்திருக்கும் வெபர் 45 டிசிஓஇ, டெலோர்டோ போன்றவை மிக நல்ல கார்புரேட்டர்கள். குளிரில் கிளப்புவதற்கு அவற்றில் தனி ஏற்பாடு உண்டு என்பது ஐடிஏவில் இல்லாத வசதி. ஆனால் இந்த என்ஜினில் உறிஞ்சு வாயிலும் புகைபோக்கி வாயிலும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் பிரேக் பூஸ்டரும் அதே பக்கத்தில்தான் நிற்கிறது. பக்கவாட்டுக் கார்புரேட்டர் பூட்டினால் அது கொதிக்கும் புகைபோக்கிக்கு மேலே, பூஸ்டரோடு இடத்துக்குப் போட்டியிட்டபடி நீட்டிக்கொண்டிருக்கும். நாற்பது டிகிரி வெயிலைப் பார்க்கும் ஊரில் அதை நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. நான்கு குழல் ஹோலி, விலைக்கும் உதிரிபாகங்களுக்கும் எளிது. நண்பர் ஒருவரின் ஹோலி பூட்டிய வண்டியை ஒரே ஒரு பிற்பகல் ஓட்டியிருக்கிறேன். நன்றாகவே ஓடியது, வளைவுகளில் சற்றுத் தடுமாறியது. அது கார்புரேட்டரின் இயல்பா, அந்த வண்டியின் டியூனிங் குறையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு பிற்பகல் போதாது.

வெபர் 48 ஐடிஏவின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. நிமிடத்துக்கு நாலாயிரம் சுழற்சியைத் தாண்டி ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, இரண்டு தொண்டைகளும் காற்றை விழுங்கும் ஓசை காருக்குள் நிறைந்து, எச்சரிக்கை மணி அடிக்கும் ஏழாயிரம் வரை வண்டி தடையின்றி ஏறும். அந்த ஓசைக்காகவே இதை விரும்புகிறவர்களை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு துளைப் பாகங்களான ஜெட்டுகள் மேலிருந்தே கைக்கு எட்டும். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். புதிய கார்புரேட்டரும் உதிரிபாகங்களும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. வாயில்களைப் பெரிதாக்கிய என்ஜினுக்கு, அதிலும் பந்தயத்துக்கென்று செதுக்கிய பிரிட்ஜ் போர்ட் என்ஜினுக்கு, இதுவே பொருத்தம் என்று அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள்.

குறைகளும் அனைவரும் அறிந்தவைதான். மெதுவோட்டத்துக்கான ஐடில் ஜெட்டிலிருந்து வேகத்துக்கான மெயின் ஜெட்டுக்கு மாறும் இடத்தில் இழுவையில் ஒரு பள்ளம் தோன்றும். மாறுகட்டத் துளைகள் குறைவாக இருப்பதே காரணம். மூன்றாவது துளை போட்டுச் சரிசெய்பவர்கள் உண்டு. என் வண்டியில் முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருந்தும், சிக்னலில் இருந்து மெல்லக் கிளம்பும்போது ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ அளவில் நிற்க வேண்டும் என்பதால் ரெகுலேட்டர் தேவை. ஆர்எக்ஸ்-7இன் பானட் தாழ்ந்தது. என் வண்டியில் ஏர் ஃபில்டரின் மூடிக்கும் பானட்டுக்கும் நடுவில் ஒரு விரல் மட்டுமே நுழையும். நூறு கிலோமீட்டருக்குப் பதினேழு லிட்டர் குடித்தது. இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது ஆயில்.

ரோட்டரி என்ஜினில் ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்னும் மெல்லிய பட்டைகள் உள்ளன. சாதாரண என்ஜினில் பிஸ்டன் வளையங்களுக்குக் கீழிருந்து ஆயில் தெறித்து எட்டுவதுபோல இவற்றுக்கு எட்டாது. ஆகவே மாஸ்டா ஒரு சிறு பம்பை வைத்து, என்ஜினின் அடியிலிருந்து ஆயிலை எடுத்து, இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக நிக்கி கார்புரேட்டருக்குள்ளேயே சொட்டவிடுகிறது. அது பெட்ரோலோடு கலந்து உள்ளே போய்ச் சீல்களை நனைத்து எரிந்துவிடும். பம்பின் நெம்புகோலும் கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் அச்சும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், அழுத்தி மிதிக்க மிதிக்க ஆயிலும் கூடும். ரோட்டரி கார் ஆயில் குடிக்கிறது என்று பிறர் சொல்வது குறையல்ல. அப்படிக் குடிக்கவேண்டும் என்றுதான் அதை வடிவமைத்தார்கள்.

வெபரைப் பூட்டும்போது அந்தக் கம்பிக்கும் இடமில்லை, குழாய்களுக்கும் வாயில்லை. மேனிஃபோல்டில் துளையிட்டுக் குழாய்களைச் சேர்ப்பவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலானோர் பம்பை ஒரு தகட்டால் அடைத்துவிட்டு, பெட்ரோல் டாங்கிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துவிடுகிறார்கள். பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் கலந்து ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. கலந்த ஆயிலின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. எரிவதற்கென்றே செய்த ஆயில் என்பதால், என்ஜினின் அடியிலிருந்து வரும் ஆயிலைவிடக் கரி குறைவாகவே படியும் என்பது அதன் ஆதரவாளர்களின் வலுவான வாதம், அதை நான் ஏற்கிறேன்.

சிக்கல் ஆயிலில் இல்லை. அதை ஊற்றவேண்டிய கையில் இருக்கிறது. நாற்பது லிட்டர் பெட்ரோலுக்கு 250 மில்லி, அதாவது 160க்கு ஒரு பங்கு என்று கணக்கு வைத்திருந்தேன். அளவுகோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு நீண்ட மூக்குப் புனலும் எப்போதும் டிக்கியில் இருக்கும். முதலில் ஆயிலை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை அடித்தால்தான் நன்றாகக் கலக்கும் என்பதால், பெட்ரோல் பங்கில் நின்று எவ்வளவு பெட்ரோல் போடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட மறக்கவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை என் மனைவி அவசரத்துக்கு வண்டியை எடுத்துச் சென்று, நல்லெண்ணத்தோடு டாங்கை நிரப்பிக்கொண்டு, ஜீலாங் வரை நெடுஞ்சாலையில் போய்வந்தாள். வீட்டு வாசலில் ரசீதைக் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளைக் குறைசொல்ல ஒன்றுமே இல்லை. பெட்ரோல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டாள், அவ்வளவே. டாங்கில் ஏற்கெனவே இருந்த கலவையின் மிச்சம் ஓரளவு காத்திருக்கும். அடுத்த ஆண்டு என்ஜினை அவிழ்த்தபோது தேய்ந்திருந்த சீல்களுக்கு அந்த ஒரு பயணம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது ஆண்டு பழைய என்ஜின். முன்பு யார் எப்படி ஓட்டினார்களோ. ஆனால் ஒரே ஒரு மறதியால் என்ஜினின் உயிர்நாடி வறண்டுபோகக்கூடிய ஓர் ஏற்பாட்டோடு ஏழெட்டு ஆண்டுகள் மேலும் வாழ எனக்கு மனம் வரவில்லை.

குளிர்காலமும் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. ஐடிஏவில் குளிரில் கிளப்ப உதவும் சோக் கிடையாது. ஜூலை மாதக் காலையில் ஆக்சிலரேட்டரை நான்கைந்து முறை மிதித்துப் பெட்ரோலைப் பீய்ச்சித்தான் கிளப்பவேண்டும். ஒரு மிதி கூடிப்போனால், அந்தப் பெட்ரோல் சீல்களின் மேலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் கம்ப்ரெஷன் குறையும். பிறகு பிளக்குகள் நான்கையும் கழற்றிக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுச் சுற்றினால்தான் வழிக்கு வரும். விக்டோரியா மாநிலத்தில் பழைய வண்டிகளுக்குத் தரும் கிளப் பெர்மிட்டில் ஆண்டுக்கு 45 நாளோ 90 நாளோ மட்டும் ஓடும் வண்டிகள், வாரக்கணக்கில் நின்று கிளம்புபவை. அவற்றுக்கு இது சிறிய விஷயமல்ல.

நிக்கியில் திருத்தியவை அதிகமில்லை. தேய்ந்திருந்த த்ராட்டில் அச்சுகளுக்குப் புது புஷ் போட்டதே முதல் வேலை. அந்த இடைவெளி வழியே காற்று கசிந்தால் எந்த ஜெட்டும் பயனளிக்காது. முதல்நிலைக் குழல்களின் குறுகிய கழுத்துகளான வென்சூரிகளைச் சற்றுப் பெரிதாக்கி, இரண்டாம்நிலைக் குழல்களுக்குள் பெட்ரோலைத் தூவும் பூஸ்டர்களை மெலிதாக்கி, மெயின் ஜெட்டுகளை அதற்கேற்ப மாற்றினோம். புகைக்கட்டுப்பாட்டுக்காகப் பின்னிக்கிடந்த வெற்றிடக் குழாய்களில் எவற்றை அகற்றலாம் என்பது ஒவ்வொரு மாநிலத்தின் விதியைப் பொறுத்தது, பார்த்துச் செய்யவேண்டும். இரண்டாம்நிலைத் தட்டுகளைக் கம்பியால் நேரடியாகத் திறக்கும்படி மாற்றச்சொல்லிப் பலர் அறிவுறுத்தினார்கள். நான் மறுத்துவிட்டேன். என்ஜின் கேட்கும்போது மட்டும் வெற்றிடம் திறந்துவிடுவதுதான் இந்தக் கார்புரேட்டரின் நயம். அதைக் கெடுத்தால் ஐடிஏவின் பள்ளத்தை வேறு வடிவில் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

பலன் எனக்கு நிறைவாக இருக்கிறது. சோக் குமிழை இழுத்தால் குளிரில் ஒரே சுற்றில் கிளம்புகிறது. இரண்டாயிரம் சுழற்சியிலிருந்து தயக்கம் இல்லை. செலவு நூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்று லிட்டர் அருகே இறங்கியிருக்கிறது. ஆறாயிரத்துக்கு மேல் வெபர் கொடுத்த அந்தக் கடைசி உந்துதல் இல்லை. அதை மறைக்க மாட்டேன். நிக்கிக்கும் தொல்லைகள் உண்டு: சிறுசிறு பாகங்கள் ஏராளம், நல்ல நிலையில் உள்ள பழைய உடல்கள் அரிதாகி வருகின்றன, ஜெட் மாற்ற மேல்மூடியைக் கழற்ற வேண்டும், அதை ஆழமாக அறிந்த கைகளும் குறைவு. விற்கும்போது நிலைமை எப்படி என்றால், இளைஞர்கள் வெபரைத் தேடி வருகிறார்கள், அசல் தன்மையை விரும்பும் சேகரிப்பாளர்கள் நிக்கியைக் கேட்கிறார்கள் என்பது நான் பார்த்த வரையிலான நிலை. எனவே எதைப் பூட்டினாலும் மற்றதை எறிந்துவிடாதீர்கள். என் ஐடிஏ இப்போது அதே அட்டைப்பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது.

வாயில்களைப் பெரிதாக்கிய என்ஜின் உள்ளவரும், வண்டியைத் தான் ஒருவர் மட்டுமே தொடுவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவரும் வெபரைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்கமாட்டேன்; மாறுகட்டத் துளையைச் சரிபார்த்து, பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஆயில் அளவை எழுதி ஒட்டிவிடச் சொல்வேன். நிக்கிக்குத் திரும்புகிறவர் பம்பை அப்படியே நம்பிவிடக்கூடாது. பழைய ஆயில் குழாய்கள் வெயிலில் வெந்து கண்ணாடிபோல் நொறுங்கும். ஒன்று வெடித்தால் அந்தப் பக்கம் ஆயில் நின்றுவிடும், உங்களுக்குத் தெரியாது. நான் உள்ளிருப்பது தெரியும் நெகிழிக் குழாய்களைப் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை என்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் இரு குழாய்களிலும் ஆயில் நிறைந்திருக்கிறதா, இடையில் காற்றுக்குமிழ் நிற்கிறதா என்று பார்ப்பேன். அதோடு, பங்குக்கு நான் போகும் நாட்களில் டாங்கில் நூறு மில்லி 2டி ஆயிலும் ஊற்றுகிறேன். என் மனைவி போகும் நாட்களில் பம்பு பார்த்துக்கொள்கிறது.