பினாங்கா, சிங்கப்பூரா, இலங்கையா, அங்கோரா: காவிரிக்கரைக்காரர்களின் முதல் பயணம் எங்கே?

வெளிநாடு போய் நல்ல கட்டடங்களையும் ஊர் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்று தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் யாராவது கேட்டால் நான் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவதில்லை. பாரீசையும் ரோமையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடுகிறது. கம்போடியாவின் அங்கோருக்கு மட்டும் இடையில் விமானம் மாற வேண்டும். இந்த நான்கு திசைகளில் முதலில் எது என்று கேட்டால் என் பதில் மலேசியாவின் பினாங்கு. மற்ற மூன்றும் சளைத்தவை அல்ல. ஆனால் அவை வேறு நேரத்துக்கு, வேறு தேவைக்கு உரியவை.

எதை வைத்து இப்படித் தரம் பிரிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயில் நிழலில் பிறந்து வளர்ந்த நமக்கு உயரமும் பழமையும் புதிதல்ல. 1010-இல் எழுந்த பெரிய கோயில் விமானத்தைத் தினமும் பார்த்தபடி பஸ் பிடித்துப் போகிறவர்கள் நாம். நம் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருப்பது வேறு: வீடும் கடையும் வழிபாட்டிடமும் நெருங்கி நிற்கும் பழைய தெரு, அதில் இன்றும் குடியிருக்கும் மனிதர்கள், கால்நடையாகவே சுற்றி முடிக்கக்கூடிய ஊர். திண்ணையும் முற்றமும் உள்ள வீடுகளை நாம் ஒவ்வொன்றாக இடித்துவருகிறோம். அதனால் பணம் செலவழித்துப் போகிற பயணம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது அங்கோர். சொல்வதில் நியாயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர்வாட்டின் நடுக் கோபுரம் தரையிலிருந்து ஏறக்குறைய 65 மீட்டர். தஞ்சை விமானத்தோடு தோளுக்குத் தோள் நிற்கும். நம்முடையது கருங்கல், அவர்களுடையது மணற்கல். மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும் என்பதால் சுவர்ப்பரப்பெல்லாம் சித்திரச் சேலையாக இருக்கும். 967-இல் எழுந்த பந்தே ஸ்ரெய் என்ற சிறிய சிவன் கோயிலைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், டெல்டாக்காரர் அங்கே கோபுரத்தைவிடத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். அங்கோர்வாட்டைச் சுற்றிய அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். மேற்கு பராய் என்ற ஏரி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது, மனிதர் கரை கட்டி உருவாக்கியது. வீராணத்தின் கரையில் நடந்தவர்களுக்கு அதன் உழைப்பு எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அங்கோரை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன். ஊர் வாழ்க்கை என்று பார்த்தால் அருகிலுள்ள சியம் ரீப் பெரும்பாலும் பயணிகளை நம்பி வளர்ந்த ஊர். கம்போடியாவின் நகர வாழ்க்கையைப் பார்க்கத் தலைநகர் புனோம் பென் போக வேண்டும். 1937-இல் திறந்த மத்தியச் சந்தையின் பெரிய மஞ்சள் குவிமாடமும், வான் மொலிவான் வடிவமைத்து 1964-இல் முடிந்த விளையாட்டரங்கமும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு ஊரையும் சேர்த்தால் நாளும் செலவும் ஏறிவிடும். நுழைவுச்சீட்டே ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். ஒரே நாளில் ஓடி முடித்தால் கல்லும் வெயிலும்தான் நினைவில் நிற்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: தாராசுரத்தையும் கங்கைகொண்டசோழபுரத்தையும் தலா ஒரு முழு நாள் நின்று பார்த்திராதவர் அங்கோருக்கு அவசரப்பட வேண்டாம். இங்கே பழகிய கண்ணுக்குத்தான் அங்கே வித்தியாசம் பிடிபடும்.

சிங்கப்பூர் கணக்கு வேறு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் வட்டாரங்களில் மாமன் மகனோ சித்தப்பா மகளோ சிங்கப்பூரில் இல்லாத குடும்பம் குறைவு. தங்கும் செலவு மிச்சம் என்பதால் பலர் அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். உறவுக்காரர்கள் அன்போடு அழைத்துப் போகும் இடங்கள் செந்தோசா தீவு, முஸ்தபா கடை, மெரினா பே. கட்டடம் பார்க்க வந்தவர் வார நாளில் அவர்கள் வேலைக்குப் போனதும் தனியாகக் கிளம்பிவிட வேண்டும்.

கிளம்பினால் முதலில் தெலுக் ஆயர் தெரு. ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை. பின்னால் கடலைத் தூர்த்து நகரை நீட்டியதால் இன்று நடு நகரத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும், மேலே சின்னச் சின்ன மாடங்கள் கொண்ட கைப்பிடிச்சுவர், இரு பக்கமும் அடுக்கடுக்காக ஏறும் மினாராக்கள். நம் கடற்கரையிலிருந்து போன மரைக்காயர்களும் அவர்களோடு போனவர்களும் ஊர் நினைவில் கட்டியது அது. அதே தெருவில் தமிழ் முஸ்லிம்களின் அல் அப்ரார் பள்ளிவாசலும், கடல் தெய்வத்துக்குச் சீனர்கள் கட்டிய தியன் ஹாக் கெங் கோயிலும் இருக்கின்றன. கரை இறங்கியவுடன் நன்றி சொல்ல ஒவ்வொருவருக்கும் ஓரிடம்.

ஆனால் அந்தத் தெருவின் பழைய கடைவீடுகளில் இப்போது அலுவலகங்களும் மதுக்கூடங்களும்தான் அதிகம். கட்டடத்தை அருமையாகக் காப்பாற்றினார்கள். குடியிருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே சிங்கப்பூரின் உண்மையான ஊர் வாழ்க்கையைப் பார்க்க வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளுக்குத்தான் போக வேண்டும். குடியிருப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அவற்றில்தான் வாழ்கிறார்கள். சுவரில்லாமல் திறந்துவிடப்பட்ட கீழ்த்தளத்தில் ஒரு நாள் மலாய்க் கல்யாணம், இன்னொரு நாள் சீனர் வீட்டு இழவு, மற்ற நாள்களில் சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். பினாக்கிள் டக்ஸ்டன் என்ற ஏழு அடுக்குமாடிகளை 50-ஆம் மாடியில் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். சிறு கட்டணம் கட்டினால் வெளியாரும் ஏறலாம். அங்கிருந்து பார்த்தால் நகரத்தின் திட்டமே விளங்கிவிடும். இருந்தும் விலைவாசி கடுமை, விசாவும் எடுக்க வேண்டும், தூரத்துக்குத் தூரம் ரயில் பிடிக்க வேண்டும்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். மலாக்காவோடு சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம். நமக்கு அது அந்நிய ஊரும் அல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு நேரே போன துறைமுகம் பினாங்குதான். எங்கள் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் 'பினாங்குப் பெட்டி' என்று ஒரு தகரப் பெட்டியைக் காட்டுவதுண்டு.

அங்குள்ள கடைவீட்டை ஒருமுறை வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து பாருங்கள். முகப்பு இருபது அடி இருந்தால் அதிகம், உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசலில் தூண் வைத்த ஐந்தடி நடைபாதை; மேல்மாடி அதன்மேல் குடையாக நீண்டிருக்கும். மழை கொட்டினாலும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நனையாமல் நடக்கலாம். பல வீட்டுக்காரர்களின் திண்ணைகளை ஒரே கோட்டில் சேர்த்து வழிப்போக்கருக்கு விட்டுக்கொடுத்தாற்போன்ற ஏற்பாடு. பிறகு முன்கூடம், அதைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகவே இறங்கும். நம் ரேழி, கூடம், தாழ்வாரம் எல்லாம் வேறு உடையில் அங்கே இருக்கின்றன. இன்று சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் கடைச் சரக்கும் நடைபாதையை அடைத்திருக்கும். இறங்கி ஏறித்தான் நடக்க வேண்டும்.

பழைய பிட் தெரு, இன்றைய கப்பித்தான் கெலிங் மசூதிச் சாலை. 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அப்பால் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில், பின்தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கடைசியில் 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல். சூலியா தெரு முனையில் இங்கும் ஒரு சிறிய நாகூர் தர்கா. இவ்வளவும் சில நிமிட நடைக்குள். அனைத்திலும் அன்றாட வழிபாடு நடக்கிறது, வாசலில் பூக்கட்டி விற்கிறார்கள். இதைத்தான் ஊர் என்கிறேன்.

இரண்டு கட்டடங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, 1906-இல் முடிந்த கூ கொங்சி என்ற குலக்கோயில். அதன் கூரை முகட்டுப் பொம்மைகளை அண்ணாந்து பார்த்தால் வண்ணச் சுதை என்றுதான் தோன்றும். உற்றுப் பாருங்கள்: வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடால் நறுக்கி, ஒரு துண்டை இதழாகவும் ஒரு துண்டை மீன் செதிலாகவும் பதித்திருக்கிறார்கள். மழையில் சாயம் போகாது. இன்னொன்று, சியோங் ஃபாட் சே என்ற வணிகரின் நீல மாளிகை. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். சீரமைத்தபோதும் அதையே பூசினார்கள். 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. நம் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தைச் சிறைவைக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுவர் அருகே நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குறையும் உண்டு. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், அவர்கள் இடத்தில் காபிக் கடைகளும் சிறு விடுதிகளும் வந்தன. சிங்கப்பூர் போன வழியில் இதுவும் போகக்கூடும். முதலில் பினாங்கு என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடாரம் பார்க்க ஆசைப்படுவோர் அங்கிருந்து வடக்கே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் காரில் போய்வரலாம். மெர்போக்கில் அருங்காட்சியகமும், சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலின் மீட்டமைத்த அடித்தளமும் இருக்கின்றன. ராஜேந்திரன் படையெடுத்த ஊர் என்று கோபுரத்தைத் தேடிப் போனால் ஏமாற்றமே.

இலங்கையை நான் ஒரு குறிப்பிட்ட ஆளுக்குச் சொல்வேன்: வீடு கட்டப் போகிறவருக்கு. ஜெஃப்ரி பாவா (1919–2003) என்ற கட்டடக் கலைஞர் ஓடு, மரம், முற்றம், தாழ்வாரம் ஆகியவற்றைக் கொண்டே வெப்ப நாட்டுக்கு நவீன வீடு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். மதுரை கிளப் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. கொழும்பில் வரிசையாக இருந்த சிறு வீடுகளைச் சேர்த்து அவர் தனக்காக அமைத்த 11-ஆம் எண் வீட்டை முன்பதிவு செய்து பார்க்கலாம். இருட்டான நடையில் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென ஒரு துண்டு வானமும் ஒரு செடியும் எதிர்ப்படும். பென்தோட்டையில் லுனுகங்கா தோட்டம், கொழும்பை ஒட்டிய கோட்டே என்ற ஊரில் ஏரிக்கு நடுவே 1982-இல் எழுந்த நாடாளுமன்றம், தம்புள்ளை அருகே பாறையோடு ஒட்டிய கந்தளம விடுதி. பொலன்னறுவையில் 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் கற்றளியான வானவன்மாதேவி ஈசுவரமும் நிற்கிறது. நம் ஊர்க் கோயில் என்றே தோன்றும். ஆனால் இவை ஒன்றுக்கொன்று தொலைவு. கார் இல்லாமல் முடியாது. நாகைக் கப்பலில் போனால் யாழ்ப்பாணத்தில் தொடங்கி ரயிலில் தெற்கே இறங்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நம்ப வேண்டாம்.

காலம் என்று பார்த்தால் சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் நாளும் இருக்கும் மாசி மாதமே நமக்குத் தோது. பினாங்கிலும் தென்மேற்கு இலங்கையிலும் அப்போது மழை குறைவு. அங்கோரில் பங்குனி பிறந்தால் வெயில் தாங்காது. தைப்பூச வாரத்தில் பினாங்கு நிரம்பி வழியும். தேரும் காவடியும் பார்க்க வேண்டுமானால் அறையை மிக முன்னதாகப் பிடியுங்கள். 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்துவருகிறது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு நாள் போதும்: 1910-இன் பழைய ரயில் நிலையம், இரு ஆறுகள் கூடும் முனையில் ஜாமிக் பள்ளிவாசல், 452 மீட்டர் இரட்டைக் கோபுரம். பிறகு பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து படகு. அறையைக் கடற்கரை விடுதிகளில் எடுக்காமல் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே எடுங்கள். காலை ஏழு முதல் பத்து வரையும் மாலை ஐந்துக்கு மேலும் தெரு, உச்சிவேளையில் மாளிகைகள். சைவச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. கையில் ஒரு வாரம்தான் என்றால் சிங்கப்பூரையும் அதோடு ஒட்டவைக்காதீர்கள். அந்தப் பணத்தில் பினாங்கில் இன்னும் இரண்டு இரவு தங்குங்கள்.