மவுண்ட் வெர்னான்: போவதென்றால் டிசம்பரில் போங்கள்

வாஷிங்டன் டிசி பக்கம் வருகிற நம்மவர்கள் பலரும் செர்ரிப் பூ சீசனில் வந்து, அப்படியே அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னானையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் டிசம்பர்தான் சரி. ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 இரவு காலமானது இந்த வீட்டில்தான், அவரை அடக்கம் செய்ததும் இந்த மண்ணில்தான். பொடோமாக் ஆற்றுக் காற்று காதைப் பிய்க்கும்போது கேட்டால் அந்தக் கடைசி நாட்களின் கதையே வேறு மாதிரி இறங்குகிறது.

12ஆம் தேதி பனி, ஆலங்கட்டி, மழை என்று மாறி மாறிக் கொட்ட, ஐந்து மணி நேரம் குதிரையில் பண்ணைகளைச் சுற்றிவிட்டு வந்தவர், சாப்பாடு காத்திருக்கிறது என்று ஈர உடையை மாற்றாமலே உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் தொண்டை வலி. அப்படியும் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட வெளியே போய்விட்டார். நள்ளிரவுக்கு மேல் மூச்சு திணறி மனைவி மார்த்தாவை எழுப்பியவர், குளிரில் அவருக்கும் ஏதாவது வந்துவிடும் என்று படுக்கையை விட்டு எழுந்திருக்க விடவில்லை. விடிந்ததும் கரோலைன் என்ற அடிமைப் பெண் அடுப்பு மூட்ட வந்த பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். மூன்று மருத்துவர்கள் வந்தார்கள். அந்தக் கால வைத்தியப்படி நான்கு முறை ரத்தம் எடுத்தார்கள், மொத்தம் இரண்டு லிட்டருக்கு மேல்.

மாடியில் அவர் உயிர் விட்ட அதே கட்டில் இருக்கிறது. எல்லோரும் கட்டிலைத்தான் பார்க்கிறார்கள், நீங்கள் அதன் பக்கத்தில் இருக்கும் தரையையும் பாருங்கள். கிறிஸ்டோபர் ஷீல்ஸ் என்ற அடிமைப் பணியாள் அன்று பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தார், கடைசியில் வாஷிங்டனே கவனித்து உட்காரச் சொன்னார். அதே வருடம் சில மாதங்களுக்கு முன்புதான் ஷீல்ஸ் தன் மனைவியோடு தப்பித்துப் போகப் போட்ட திட்டம் வாஷிங்டனுக்குத் தெரிந்து கெட்டுப்போயிருந்தது. தனக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கு உயிலில் விடுதலை எழுதி வைத்தாரே, அதில் ஷீல்ஸ் வரவில்லை, ஏனென்றால் அவர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்துக் கணக்கில் இருந்தவர். இதைத் தெரிந்துகொண்டு அந்த அறை வாசலில் நின்றால் சட்டென்று நகர முடியாது.

மார்த்தா அந்த அறையைப் பூட்டிவிட்டுக் கூரைக்கடியில் ஒரு சின்ன அறைக்குக் குடிபோனார். அந்தத் தளம் எல்லா நாளும் திறந்திருக்காது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி நடந்த அடக்கத்துக்கு ஆற்றில் நின்ற கப்பல் மரியாதையாக நிமிடத்துக்கு ஒரு முறை பீரங்கி முழக்கியது, ஆள் ஏறாத அவருடைய குதிரையைச் சேணத்தோடு நடத்திப் போனார்கள். வழக்கமாகக் கல்லறை வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். இந்த முறை ஒரு கதவு போட்டார்கள், சீக்கிரமே மறுபடி திறக்க வேண்டிவரும் என்று மார்த்தாவே சொன்னாராம். 1802 மே மாதம் அவரும் போய்விட்டார். அந்தப் பழைய கல்லறை ஆற்றைப் பார்த்தபடி சரிவில் இன்னும் இருக்கிறது. இருவரும் இப்போது இருப்பது 1831இல் கட்டிய புதுக் கல்லறையில். பழையதை விட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் மனதில் நின்றது.

கல்லறையிலிருந்து கொஞ்ச தூரம்தான் அடிமைகள் புதைக்கப்பட்ட இடம். ஜெனரல் வாஷிங்டனுக்காக நாடு முழுக்கக் கறுப்புத் துணி கட்டியது, நெப்போலியன்கூட பிரான்ஸில் பத்து நாள் துக்கம் அறிவித்தார். இங்கே கிடப்பவர்களுக்கோ பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது. இரண்டையும் ஒரே நடையில் பார்க்க முடிவதுதான் இந்த இடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கக் காரணம்.

அப்புறம் நடைமுறை விஷயம். வீட்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் தனி, முன்கூட்டியே எடுங்கள். டிசியிலிருந்து அழைத்து வரும் ஒரு தனியார் பஸ்ஸில் ஒரு தடவை வந்தேன், கல்லறைக்கு இறங்குவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். ஹண்டிங்டன் வரை மெட்ரோ, அங்கிருந்து ஊர் பஸ் என்று சொந்தமாக வருவதே மேல். நல்ல கோட்டும் கையுறையும் வேண்டும், அரை நாள் ஒதுக்குங்கள், குழந்தைகளை முதலில் வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டு வெயில் கொஞ்சம் ஏறியதும் கல்லறைப் பக்கம் போங்கள்.